பில் எல்லாம் மாமனார் பெயரில், நான் எதைக் காட்டுவது?

கேள்வி: அக்கா, எனக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம். மலேசியாவில் பினாங்குக்காரரைக் கட்டிக்கொண்டு 7 வருடம் ஆகிறது. 6 வருடமாக நீண்டகால சமூக வருகை பாஸில் பிறையில் மாமனார் வீட்டில் இருக்கிறேன். 4 வயதில் ஒரு பையன். சிவப்பு ஐசிக்கு, அதாவது நிரந்தரவாசி அடையாள அட்டைக்கு, மனுப் போடலாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் வீடு, தண்ணீர், கரண்ட் எல்லாமே மாமனார் பெயரில். கணவருக்கு ஒன்றரை வருடமாக ஜொகூரில் வேலை, மாதம் இரண்டு முறைதான் வருவார். நாங்கள் சேர்ந்து வாழ்கிறோம் என்பதற்கு எதைக் காட்டுவது? பழைய தேதி போட்டு எங்கள் இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம் செய்து தருவதாக ஓர் ஏஜெண்ட் சொல்கிறார். செய்யலாமா?
– ஒரு வாசகி, பிறை

பதில்: முதலில் அந்த ஏஜெண்டிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் தங்கச்சி. மற்றதை அப்புறம் பேசலாம்.

வாடகை ஒப்பந்தம் என்றால் அதற்கு முத்திரை வரி கட்ட வேண்டும். எந்தத் தேதியில் கட்டினீர்களோ அந்தத் தேதி அதில் நிற்கும். ஒப்பந்தத்தில் 2020 என்று எழுதிவிட்டுப் போன வாரம் முத்திரை வாங்கினால் பார்க்கிறவருக்கு என்ன தோன்றும்? அது மட்டுமல்ல, ஒவ்வொரு முறை பாஸ் புதுப்பித்தபோதும் மாமனார் வீட்டு முகவரியைத்தான் கொடுத்திருப்பீர்கள். அதெல்லாம் இமிகிரேஷன் ஃபைலில் இருக்கிறது. இப்போது வேறு முகவரியில் வாடகைக்கு இருந்தோம் என்று ஒரு தாள் போனால், உண்மையாக வாழ்ந்த 6 வருடத்தின் மீதும் சந்தேகம் விழும். போதாததற்கு, மனுவில் பொய்த் தகவல் தருவது 1959/63 குடிநுழைவுச் சட்டப்படி குற்றம். மாட்டினால் ஏஜெண்ட் போனை எடுக்க மாட்டார்.

மாமனார் பெயரில் பில் இருப்பது ஒரு குறையே இல்லை. இங்கே பாதிக் குடும்பங்கள் அப்படித்தான் வாழ்கின்றன. அவரைப் பெசுருஜாயா சும்பாவிடம் (சத்தியப் பிரமாண ஆணையர்) அழைத்துப் போய் ஒரு சூராட் அக்குவான் பெர்க்கானுன், அதாவது சத்தியப் பிரமாணப் பத்திரம், எடுக்கச் சொல்லுங்கள். 'என் மகனும் மருமகளும் என்னோடு இருக்கிறார்கள்' என்று ஒற்றை வரியில் முடித்துவிட வேண்டாம். எந்த ஆண்டு எந்த மாதத்திலிருந்து, வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள், மகன் ஜொகூருக்கு எப்போது போனார், எப்போதெல்லாம் வருகிறார் என்று நடந்ததை நடந்தபடி எழுதட்டும். கூடவே அவருடைய ஐசி நகல், ஒரு தெனாகா (கரண்ட்) பில், வீட்டுக்குச் சுக்காய் பிந்து (வீட்டு வரி) கட்டிய ரசீது. பொய்ச் சத்தியமும் குற்றம்தான் என்பதால் இந்தக் காகிதத்துக்கு மதிப்பு உண்டு. மாமனாருக்கும் அதைச் சொல்லி வையுங்கள், தேதிகளை யோசித்துச் சொல்வார்.

அப்புறம் உங்கள் பெயர் உள்ள காகிதங்கள். ஒன்றுமே இல்லை என்கிறீர்கள், நான் நம்பவில்லை. பையன் வயிற்றில் இருந்தபோது அரசாங்க கிளினிக்கில் கொடுத்த புத்தகம் எங்கே? அவனுடைய தடுப்பூசிப் பதிவு, பாலர் பள்ளியில் சேர்த்தபோது நிரப்பிய பாரம், உங்கள் பேங்க் கணக்கு, கைபேசி பில், உங்கள் பெயருக்கு வீட்டுக்கு வந்த கடிதங்கள் எல்லாமே சாட்சிதான். எத்தனை இருக்கிறது என்பதைவிட எந்தெந்த வருடத்தில் இருக்கிறது என்பதே முக்கியம். மனுப் போடுவதற்கு முந்தின மாதம் அவசரமாகத் திறந்த ஜாயிண்ட் கணக்கைவிட, ஒவ்வொரு வருடத்திலும் ஒன்றிரண்டு சாதாரணக் காகிதங்கள் இருப்பது எவ்வளவோ மேல். படங்களும் அப்படியே. கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அதை உறவுக்காரர்களே முழுசாகப் பார்ப்பதில்லை. தண்ணீர்மலை தைப்பூசத்துக்குக் குடும்பமாகப் போனது, பையன் பிறந்தநாள், தீபாவளி என்று வருடத்துக்கு இரண்டு படம், பின்னால் தேதி எழுதி வையுங்கள்.

ஜொகூர் விஷயத்துக்கு வருவோம். உங்களுக்கு உண்மையில் பயம் அதுதான் என்று நினைக்கிறேன். அதை மறைக்கவே கூடாது. வேலைக்காக வேறு ஊரில் இருப்பது பிரிந்து வாழ்வது ஆகாது, ஆனால் மறைத்துப் பிறகு தெரியவந்தால் அப்படித்தான் தோன்றும். எப்போது அங்கே போனார், வேலை நேரம் என்ன என்று முதலாளியிடம் கடிதம் வாங்கச் சொல்லுங்கள். வந்து போன பஸ் டிக்கெட்டோ, டோல் கட்டும் டச் அண்ட் கோ அட்டையின் கணக்கோ இருந்தால் எடுத்து வையுங்கள். மாதாமாதம் உங்களுக்கு அனுப்பும் பணமும் பேங்க் கணக்கில் தெரியும். இன்னொன்று, வருமான வரி கட்டுபவராக இருந்து, உங்களுக்கும் வருமானம் இல்லை என்றால், மனைவிக்கான 4,000 ரிங்கிட் கழிவை அவர் கேட்டிருப்பார். சேர்ந்து வாழும் மனைவிக்கென்றே சட்டம் கொடுத்த கழிவு அது. அந்த வருடங்களின் வரிப் பாரத்தை அச்செடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருடைய ஐசியில் எந்த முகவரி இருக்கிறது என்றும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் இருந்த ஏதோ ஓர் அறையின் முகவரி இன்னும் அதில் இருந்தால், ஜேபிஎன்னில் (தேசியப் பதிவு இலாகா) மாற்றிவிட்டு மனுப் போடலாம்.

நேர்காணலில் இருவரையும் தனித்தனியாகக் கேட்கலாம். ஒப்பித்துவிட்டுப் போகாதீர்கள். மனைவியின் பிறந்த தேதியை மறக்கிற கணவர்களை அந்த அதிகாரிகள் நிறையவே பார்த்திருப்பார்கள். ஆனால் ஜொகூருக்குப் போன மாதம், பையனின் பள்ளி, வீட்டில் யார் யார் என்பதில் இருவர் பேச்சும் ஒன்றாக இருக்க வேண்டும். மலாயில் கேட்டால் தடுமாறினாலும் மலாயிலேயே பதில் சொல்லப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பாஸைப் புதுப்பிக்க ஒவ்வொரு முறையும் கணவர்தான் பொறுப்பாளராக வந்து கையெழுத்துப் போடுகிறார். உங்கள் பதிவுத் திருமணச் சான்றிதழ், பையனின் பிறப்புப் பத்திரம், பழைய கடப்பிதழ்கள் எல்லாம் பெரும்பாலும் அவருடைய ஃபைலில்தான் இருக்கும். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து உங்கள் கையில் ஒரு செட் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கடப்பிதழைத் தூக்கிப் போடவே போடாதீர்கள், நீங்கள் இந்த நாட்டில் இருந்த ஒவ்வொரு வருடமும் அதில்தான் குத்தப்பட்டிருக்கிறது. கணவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் ஜொகூரில் இருக்கும்போது கவுண்டரில் ஒரு காகிதம் கேட்டால், நீங்களே எடுத்துக் கொடுக்கலாம் அல்லவா?

பாஸில் தொடர்ந்து 5 ஆண்டு இருந்துவிட்டதால் நீங்கள் மனுப் போடலாம். பதில் வரச் சீக்கிரம் ஆகாது. அதுவரை பாஸ் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மனுப் போட்டாயிற்று என்று புதுப்பிக்காமல் விட்டால் வேறு பிரச்சினை கிளம்பும். அடுத்து எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று இன்றைக்கே பார்த்து, கணவரை அந்த வாரத்துக்கு லீவு சொல்லி வைக்கச் சொல்லுங்கள்.