எட்டா, ஒன்பதா, ஸ்னூக்கரா?

புதுசா பூல் (டேபிள்ல குச்சியால பந்தை அடிச்சுக் குழியில போடற ஆட்டம்) ஆட வர்றவங்க என்ன வேணா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். வந்ததுல பாதிக் கேள்வி, எந்த ஆட்டத்துல தொடங்கறதுங்கிறதுதான். பதினஞ்சு வருஷமா கியூ, அதான் அந்தக் குச்சி, பிடிக்கிற தைரியத்துல பதில் சொல்றேன்.

கேள்வி: அண்ணா, ஆஃபீஸ் பக்கத்து பார்லர்ல பசங்க 8 பால் ஆடறாங்க. யூடியூப்ல பார்த்தா 9 பாலா வருது. எதுல ஆரம்பிக்கட்டும்?

பதில்: 8 பால்ல, தம்பி. 1 முதல் 7 வரை முழு கலர், 9 முதல் 15 வரை பட்டை போட்டது. ஆளுக்கு ஒரு வகை, அந்த ஏழையும் முடிச்சுட்டுக் கடைசியா 8ஐப் போடணும். உங்க ஏழுல எதை வேணா அடிக்கலாம். ஒண்ணு மறைஞ்சிருந்தா இன்னொண்ணு இருக்கும். 9 பால்ல அந்தச் சலுகை கிடையாது. டேபிள்ல இருக்கிறதுல சின்ன நம்பரைத்தான், கியூவால அடிக்கிற வெள்ளைப் பந்து முதல்ல தொடணும். 2ஐப் போட்டுட்டு வெள்ளை ஒரு சாண் தள்ளி நின்னாலும் 3 கண்ணுல படாமப் போயிடலாம். பாதி நேரம் ஃபவுல்லயே கழியும். ரெண்டு மூணு மாசம் கழிச்சு அதுக்கு வாங்க. ஆனா வராம இருந்துடாதீங்க, வெள்ளையை நினைச்ச இடத்துல நிறுத்தச் சொல்லிக்கொடுக்கிறதே அந்த ஆட்டம்தான்.

கேள்வி: கேரம் நல்லா ஆடுவேன் சார். 8 பால்ல மளமளன்னு ஆறு பந்து போட்டுடறேன், கடைசியில எதிராளி ஜெயிச்சுடறார். ஏன்?

பதில்: இது எனக்கே ரொம்ப நாள் புரியாம இருந்துச்சு. ஆறு பந்தையும் எடுத்து, டேபிளை அவருக்குப் பெருக்கிக் கொடுத்துட்டீங்க. அவர் பாதையை மறிச்சுக்கிட்டிருந்ததே உங்க பந்துங்கதான். இப்ப உங்களுக்கு மிச்சம் ஒண்ணு, அதுவும் டேபிள் ஓரத்துக் குஷனை ஒட்டி, அவரோட ரெண்டு பட்டைக்குப் பின்னாடி. குழி வாசல்ல உட்கார்ந்திருக்கிற உங்க பந்தை அவசரப்பட்டுப் போடாதீங்க. அது எங்கேயும் ஓடிடாது; இருக்கிறவரைக்கும் அந்தக் குழி அவருக்கு அடைப்பு. ஒட்டிக்கிடக்கிறதை முதல்ல பிரிங்க. வழியே இல்லையா, அவருக்கும் ஷாட் கிடைக்காத மாதிரி வெள்ளையை ஒளிச்சு வச்சுட்டு வந்து உட்காருங்க. பக்கத்துல நிக்கிறவன் சிரிப்பான், சிரிக்கட்டும்.

கேள்வி: எனக்கு ஊட்டி. ஸ்னூக்கர் பிறந்த ஊர்ங்கிறாங்க. நேரா அதுலயே இறங்கிடலாமா?

பதில்: பிறந்தது ஜபல்பூர்ல, 1875னு சொல்றது வழக்கம். நெவில் சேம்பர்லேன்னு ஒரு ராணுவ அதிகாரி (பின்னாடி பிரிட்டன் பிரதமரானவர் வேற ஆள்). விதிகள் எழுத்துல வந்தது உங்க ஊட்டி கிளப்புல, 1882ல. அதனால உங்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டுதான். ஆனா அது 12 அடி டேபிள். பூல்ல பந்து ரெண்டேகால் அங்குலம், போட்டி டேபிள்லயே மூலைக்குழி வாய் நாலரை அங்குலம்; ரெண்டு பந்து தோளோட தோள் நிக்கும். ஸ்னூக்கர் குழி ஏறக்குறைய மூணரைதான், உதடும் வளைஞ்சிருக்கும், உரசினாலே பந்தைத் துப்பிடும். ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டி நாலு பந்து விழுந்தா போதும்ங்கிற பொறுமை இருந்தா தாராளமா இறங்குங்க. அங்கேருந்து பூலுக்கு வர்றவங்க குறி அசையாது.

கேள்வி: லண்டன்ல படிக்கிறேன் அண்ணா. இங்க பப்ல சிவப்பு, மஞ்சள் பந்து, நம்பரே இல்லை. இதுவும் பூலா?

பதில்: அதுவும் 8 பால் குடும்பம்தான்மா. சிவப்பு ஏழு, மஞ்சள் ஏழு, கறுப்பு ஒண்ணு. டேபிள் 7 அடி, பந்து ரெண்டு அங்குலம், குழி மட்டும் ஸ்னூக்கர் மாதிரி வளைவு. பிரேக், அதாவது ஆட்டத்தோட முதல் அடி, அடிக்கிறதுக்கு முன்னாடி, ஃபவுலுக்கு என்ன தண்டனைன்னு கேட்டு வச்சுக்கோ. சில இடத்துல எதிராளிக்கு ரெண்டு ஷாட், சில இடத்துல வெள்ளையைக் கையால எடுத்து வச்சு அடிக்கக் கொடுத்துடுவாங்க. சண்டை வர்ற இடமே அதுதான்.

கேள்வி: சொந்த கியூ வாங்கணுமா?

பதில்: இப்ப வேண்டாம். பார்லர் கியூவை டேபிள் மேல உருட்டிப் பாருங்க. துள்ளாம உருண்டா போதும்.

கேள்வி: கூட ஆட ஆள் இல்லை. தனியா என்ன பண்றது?

பதில்: 9 பால்தான். மூணே மூணு பந்தை இறைச்சு விடுங்க. வெள்ளையைப் பிடிச்ச இடத்துல வச்சு, நம்பர் வரிசையில மூணையும் போடணும். தவறினா அந்த ஆட்டம் தோல்வி. பத்துக்கு ஏழு ஜெயிச்சதும் நாலாவது பந்தைச் சேருங்க. எனக்கு அந்த நாலாவதைச் சேர்க்க மூணு மாசம் ஆச்சு.