சிப்பாயின் மகள், 2020: கடிதமும் பதிலும்

வணக்கம்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865ல் முடிந்துவிட்டது. அதில் சண்டை போட்ட ஒரு விவசாயியின் மகள் 2020ல் சாகும்வரை மாதம் 73.13 டாலர் பென்ஷன் வாங்கினார் என்று வாட்ஸப்பில் வந்தது. பேத்தியை மகள் என்று எழுதிவிட்டார்களா? ஒரு பட்டிக்காட்டுச் சிப்பாயின் குடும்பத்தைப் பற்றி இத்தனை காலம் கழித்து எப்படிச் சரிபார்ப்பது?

ச., திண்டுக்கல்

அன்புள்ள ச.,

பேத்தி இல்லை, மகளேதான். அந்தச் சிப்பாய், வட கரோலினா மலைப்பகுதிக்காரரான மோஸ் டிரிப்லெட், 1846ல் பிறந்தவர். 1924ல், 78 வயதில், தன்னைவிட ஏறத்தாழ ஐம்பது வயது இளையவரை மணந்தார். 1930ல் மகள் பிறந்தபோது அவருக்கு 83 வயது. 1938ல் 92 வயதில் இறந்தார். மகள் 90 வயது வரை வாழ்ந்தார். கணக்கு சரிதான்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. டிரிப்லெட் முதலில் இருந்தது தெற்குப் படையில், அதாவது பிரிந்துபோன தென்மாநிலங்களின் படையில். 1863ல் அவருடைய படைப்பிரிவு கெட்டிஸ்பர்க் போர்க்களம் நோக்கிப் போனபோது நோயாளியாக ஆஸ்பத்திரியில் கிடந்தார். அங்கிருந்து நழுவி, மறு வருடம் வடக்குப் படையில், அதாவது மத்திய அரசின் படையில் சேர்ந்தார். தோற்ற தெற்குப் படைக்காரர்களுக்கு அவர் காலத்தில் மத்திய அரசு பென்ஷன் கொடுக்கவில்லை. அவர்களுக்குக் கொடுத்ததெல்லாம் அந்தந்த மாநிலங்கள், அதுவும் தாமதமாக, சொற்பமாக. கட்சி மாறியதுதான் டிரிப்லெட்டுக்கு மத்திய பென்ஷன் கதவைத் திறந்தது.

மகளுக்குக் கிடைத்ததற்குக் காரணம் 1890 ஜூன் 27 சட்டத்தில் உள்ள ஒரு வரி. பிள்ளைகளுக்குப் பதினாறு வயதோடு உதவி நின்றுவிடும். ஆனால் தன்னைத்தானே பார்த்துக்கொள்ள இயலாத பிள்ளைக்கு ஆயுள் முழுக்கத் தொடரும். அவர் அந்த வகையில் வந்தவர்.

1862 சட்டப்படி, போரில் வந்த காயமோ நோயோ காரணம் என்று நிரூபித்தால்தான் பணம். வயிற்றுப்போக்கும் மூட்டுவலியும் இருபது வருடம் முன்பு முகாமில் தொற்றியவை என்று ஒரு குடியானவர் எப்படி நிரூபிப்பார்? 1890 சட்டம் இதைத் தளர்த்தியது. தொண்ணூறு நாள் சேவை, கௌரவமான விடுவிப்பு, உடல் உழைப்புக்கு இயலாமை, இவை போதும். மாதம் 6 முதல் 12 டாலர். விதவைக்கு 8, பிள்ளை ஒன்றுக்கு 2. இன்னொரு நிபந்தனை: இயலாமை தீய பழக்கத்தால் வந்திருக்கக் கூடாது. அதனால் விசாரணை அதிகாரி அக்கம்பக்கத்தாரிடம் குடிப்பாரா என்று கேட்டு எழுதி வைத்தார். நமக்கு இன்று கிடைக்கும் ஊர்வம்பெல்லாம் இந்த வாக்குமூலங்களில்தான் இருக்கிறது.

விதவையின் மனுதான் குடும்ப வரலாற்றுக்குப் பொக்கிஷம். கல்யாணப் பதிவு இல்லாத கிராமங்களில் சாட்சிகளின் பிரமாணப் பத்திரம், பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் சாட்சி, குடும்ப பைபிளிலிருந்து கிழித்து அனுப்பிய தாள் என்று எல்லாம் கோப்பில் சேர்ந்துகொண்டே போகும். 1898லும் 1915லும் சிப்பாய்களுக்கே கேள்வித்தாள் போனது: மனைவி பெயர், முந்தைய திருமணம் உண்டா, பிள்ளைகள் யார் யார். பல குடும்பங்கள் மறைத்த முதல் மனைவி அங்கேதான் அகப்படுவார்.

தேடும்போது சறுக்கும் இடங்களைச் சொல்கிறேன். எழுத்தறியாதவரின் பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஆகவே பெயரை மட்டும் நம்பாமல் படைப்பிரிவோடும் அதன் உட்பிரிவான கம்பெனியோடும் சேர்த்துத் தேடுங்கள். 1890 மக்கள்தொகைக் கணக்கின் பெரும்பகுதி 1921 தீவிபத்தோடு போயிற்று. 1890லேயே முன்னாள் வீரர்களுக்கென்று எடுத்த தனிப் பட்டியலிலும் மாநிலப் பெயர்களின் ஆங்கில அகரவரிசைப்படி கான்சஸ் வரையானவை ஏறக்குறைய முழுவதும் தொலைந்தன. ஆனால் கென்டக்கியில் பாதியும் அதற்குப் பின் வரும் மாநிலங்களும் மிச்சம் உண்டு. 1910 கணக்கெடுப்பிலும் எந்தப் படை என்று ஒரு பத்தி இருக்கிறது, அதைப் பலர் பார்ப்பதே இல்லை.

மற்றபடி, பழைய கோப்புகள் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில். தெற்குப் படை பென்ஷன் என்றால் அந்தந்த மாநில ஆவணக் காப்பகம். 1930களுக்குப் பிறகும் பணம் போய்க்கொண்டிருந்த கோப்புகள் பல முன்னாள் வீரர் துறையிடமே தங்கிவிட்டன, வாஷிங்டனில் 'இல்லை' என்று பதில் வந்தால் அங்கேயும் கேளுங்கள்.