பக்கத்து வீட்டில் பேகன் தம்பதி, யூல் விருந்துக்கு அழைப்பு: போகலாமா?

தங்கச்சி, நீங்கள் கேட்டது இது. பிரிஸ்டலுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டுத் தம்பதி தங்களைப் பேகன் என்கிறார்கள். டிசம்பர் 21 அன்று, வருடத்தின் மிகக் குறுகிய பகலை ஒட்டி வரும் யூல் கொண்டாட்டத்துக்கு உங்கள் இருவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். "இது பில்லி சூனியம் மாதிரி ஏதாவதா அக்கா? போனால் ஊரில் அம்மா என்ன சொல்வார்?" என்று பயம். கூடவே, நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, லீவு நாள் முழுக்கப் போர்வைக்குள் போய்விடுகிறது, இரண்டு நாள் எங்கேயாவது போய்வர இடம் சொல்லுங்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். எங்கள் வீட்டில் அந்த இரண்டு பிரச்சினையும் ஒன்றாகத்தான் தீர்ந்தன.

முதலில் பயத்தை விடுங்கள். பேகன் என்பவர்கள் இயற்கையையும் பருவங்களையும் வணங்குபவர்கள். சிலர் ஆண் தெய்வம், பெண் தெய்வம் என்று இரண்டையும் கும்பிடுவார்கள். சிலருக்கு மண்ணும் மரமும் நீருமே போதும். விக்கா, ட்ரூயிட் என்று உள்ளே பிரிவுகளும் உண்டு. சாத்தான் கிறிஸ்தவ நம்பிக்கையில் வருகிறவன், இவர்கள் வழிபாட்டில் அவனுக்கு இடமே கிடையாது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்துச் சுமார் 74,000 பேர் தங்கள் மதம் பேகன் என்றும், இன்னும் 13,000 பேர் விக்கா என்றும் எழுதியிருக்கிறார்கள். உங்கள் தெருவில் ஒரு வீடு இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை.

எங்கள் பழைய வீட்டுக்குப் பக்கத்திலும் ஒரு பேகன் தம்பதி இருந்தார்கள். அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அந்தம்மா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர். அவர்கள் வீட்டு முன்னறைச் சுவரில் மூன்று நிறம் முறுக்கிய ஒரு கயிறு தொங்கும். முதல் முறை பார்த்தபோது எனக்கும் திக்கென்றுதான் இருந்தது. அவர்கள் கல்யாணத்தன்று இருவர் கையையும் சேர்த்துக் கட்டிய கயிறு அது என்று அந்தம்மா சொன்னார். ஹேண்ட்ஃபாஸ்டிங் என்று பெயர். இங்கிலாந்தில் அந்தச் சடங்கு மட்டும் சட்டப்படி செல்லாது, பதிவாளர் முன்னால் தனியாகப் பதிய வேண்டும். ஸ்காட்லாந்தில் பேகன் திருமணமே செல்லும். நான் என் கழுத்துக் கயிற்றை எடுத்துக் காட்டினேன். அன்றைக்கு இரண்டு தேநீர் ஆறிப்போகும் வரை பேசிக்கொண்டிருந்தோம். 18 வருட நட்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அவர்களுக்கு வருடத்தில் எட்டு நாள் முக்கியம். வருடச் சக்கரம் என்பார்கள். மிக நீண்ட பகல், மிகக் குறுகிய பகல், பகலும் இரவும் சமமாகும் இரண்டு நாள்: இந்த நான்கும் சூரியனுடையவை. இவற்றின் நடுநடுவே பிப்ரவரி தொடக்கத்தில் இம்போல்க், மே 1 அன்று பெல்டேன், ஆகஸ்ட் 1 அன்று லாமாஸ், அக்டோபர் 31 அன்று சாவின். இதெல்லாம் ஆயிரக்கணக்கான வருடமாக அப்படியே மாறாமல் வருகிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தனித்தனி விழாக்களில் சில மிகப் பழையவை. எட்டையும் ஒரே சக்கரமாகக் கோத்தது 1950களில், விக்காவின் ஜெரால்ட் கார்ட்னர், ட்ரூயிட் பக்கத்தில் ராஸ் நிக்கல்ஸ் ஆகியோரின் காலத்தில். சூனியத் தடைச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகுதான் வெளிப்படையாகப் பேசவே முடிந்தது. இந்த வரலாற்றை ஆராய்ந்து எழுதிய ரொனால்ட் ஹட்டன் நம் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்தான். பேகன்களே அவரை மதித்துப் படிக்கிறார்கள். புதிதாகக் கோத்த மாலை என்பதால் அவர்கள் பக்தி குறைந்துவிடவில்லை. அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

இனி, எனக்கு நடந்தது. இங்கே என் முதல் குளிர்காலம் மிக மோசமாகக் கழிந்தது. எனக்கு இரவு ஷிஃப்ட், வீட்டுக்காரருக்குப் பகல் ஷிஃப்ட். இந்த ஊரில் டிசம்பர் கடைசியில் பகல் வெளிச்சம் 8 மணி நேரம்கூட இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, குளிர்பெட்டி மேல் சீட்டு எழுதி ஒட்டிப் பேசிக்கொண்டோம். ஒருநாள் சமையலறையில் காரணமே தெரியாமல் அழுதுகொண்டிருந்தேன். சுவர் வழியே சத்தம் கேட்டிருக்க வேண்டும். அந்தம்மா வந்து, "சனிக்கிழமை விடியலுக்கு முன்னால் காரில் ஏறுங்கள், இரண்டு பேரும்" என்று மட்டும் சொன்னார்.

ஏவ்பரிக்குக் கூட்டிப்போனார்கள். ஸ்டோன்ஹெஞ்சைவிடப் பரப்பில் மிகப் பெரிய கல்வட்டம். வட்டத்துக்குள்ளேயே பாதி ஊர் இருக்கிறது, ஒரு பப்கூட இருக்கிறது. வேலி கிடையாது, கல்லைத் தொடலாம், நடுவில் ஆடு மேய்கிறது. புல்லெல்லாம் உறைபனியில் நொறுநொறுவென்று உடைந்தது. முப்பது பேர் இருப்போம். எட்டே காலுக்குச் சூரியன் வர வேண்டும், ஆனால் அன்று வரவில்லை. மேகத்தின் ஓரம் கொஞ்சம் வெளுத்தது, அவ்வளவுதான். அதற்கே எல்லோரும் கைகோத்துப் பாடினார்கள். அந்தம்மாவின் கணவர் என்னிடம் சொன்னார்: "இன்றோடு இருட்டு கூடுவது நின்றது." நம் உத்தராயணமும் இதே திருப்பம்தான். நம் பஞ்சாங்கம் நட்சத்திரக் கணக்கில் போவதால் அது தை 1க்குத் தள்ளிப்போயிருக்கிறது. சின்ன வயதிலிருந்து கேட்ட சொல்தான். அதன் அர்த்தம் அந்தக் குளிரில் நிற்கும்போதுதான் உறைத்தது. திரும்பும் வழியில் நானும் என் வீட்டுக்காரரும் பின் சீட்டில், ஒரே சால்வைக்குள், பல வாரங்களுக்குப் பிறகு நிதானமாகப் பேசினோம்.

அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தோம். எட்டு நாள் என்றால் சராசரியாக ஆறரை வாரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் ஒட்டி ஒரு பகலோ இரண்டு இரவோ சேர்ந்து லீவு எடுப்பது, வெளியே போவது, அந்தப் பருவத்தில் மண்ணில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு வருவது. வழிபாடு அவர்களுடையது, நாள் எங்களுக்கும் பொது. இந்த நாட்டில் எனக்கு வேர் பிடித்தது அப்படித்தான். 'எப்போது வெயில் வரும்' என்று ஆறு மாதம் மொத்தமாகக் காத்திருப்பது தாங்க முடியாதது. பிப்ரவரி தொடக்கத்தில் பனித்துளிப் பூ வரும், அப்போது மாலை ஐந்து மணி வரை வெளிச்சம் நீண்டிருக்கும் என்று தெரிந்து காத்திருக்க யாராலும் முடியும்.

யூலுக்கும் இம்போல்க்குக்கும் நடுவே, சக்கரத்தில் சேராத ஒரு நாட்டுப்புற வழக்கம் உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். சாமர்செட் ஆப்பிள் தோட்டங்களில் ஜனவரி 17ஐ ஒட்டி வாசெயில் நடக்கும். 1752இல் நாட்காட்டி மாறியும் இவர்கள் பழைய கணக்குப்படி கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் பன்னிரண்டாம் இரவை விடவில்லை, அதனால்தான் அந்தத் தேதி. கார்ஹாம்ப்டன் கிராமம் இதற்குப் பெயர்போனது. தோட்டத்தின் பெரிய ஆப்பிள் மரத்தின் வேரில் சைடர் என்ற ஆப்பிள் மதுவை ஊற்றி, சைடரில் நனைத்த ரொட்டித் துண்டைக் கிளையில் வைத்து, பாட்டுப் பாடி, தீய ஆவிகள் ஓட வேண்டும், மரம் விழிக்க வேண்டும் என்று பானைகளைத் தட்டி, துப்பாக்கியை வானத்தைப் பார்த்துச் சுடுவார்கள். பொங்கல் முடிந்த கையோடு வருகிறது. முதல் வருடம் நான் வீட்டிலிருந்து எவர்சில்வர் தாம்பாளமும் கரண்டியும் கொண்டுபோனேன். தட்டத் தட்ட வாயிலிருந்து தானாக "பொங்கலோ பொங்கல்" வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள்.

கிளாஸ்டன்பரிக்குப் போவதாக இருந்தால் ஏப்ரல் கடைசியில், பெல்டேனை ஒட்டிப் போங்கள். பிரிஸ்டலிலிருந்து வெல்ஸ் வழியாகப் பஸ் இருக்கிறது. இரண்டு இரவு தங்குவது நல்லது. சாலிஸ் வெல் தோட்டத்தில் இரும்புச் சத்து கலந்த ஊற்று, ஓடும் இடமெல்லாம் கல் செம்மண் நிறம். நுழைவுக் கட்டணம் உண்டு. உள்ளே யாரும் சத்தம் போட மாட்டார்கள், ஒரு பெஞ்சில் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருக்கலாம். அந்தச் சும்மா இருப்பதற்காகவே நான் நாலு முறை போயிருக்கிறேன். எதிரே மெழுகுவத்தி வெளிச்சத்தில் வெள்ளை ஊற்று என்று ஒரு குகை மாதிரி இடம். அங்கே சிலர் ஆடையில்லாமல் முழுக்குப் போடுவதுண்டு. பார்த்தால் பதறாதீர்கள், அவர்களுக்கு அது தீர்த்தம். சாயங்காலம் டார் குன்றில் ஏறுங்கள். 158 மீட்டர்தான், ஆனால் மேலே காற்று ஆளைத் தள்ளும். கிளாஸ்டன்பரி பெயரில் புகழ்பெற்ற இசை விழா இந்த ஊரிலேயே நடப்பதில்லை, சில மைல் தள்ளிப் பில்டன் என்ற கிராமத்தில் ஜூனில் நடக்கிறது. அந்த வாரம் சுற்றுவட்டாரத்தில் அறை வாடகை தாறுமாறாக ஏறும்.

ஸ்டோன்ஹெஞ்ச் பற்றியும் கேட்பீர்கள். ஜூன் நீண்ட பகலுக்கும் டிசம்பர் குறுகிய பகலுக்கும் கற்களின் நடுவே வரை இலவசமாக விடுகிறார்கள், 2000இலிருந்து இந்த ஏற்பாடு. வண்டி நிறுத்தக் காசு உண்டு. ஜூனில் ஆயிரக்கணக்கில் கூட்டம், விடிய விடிய மேளம். ஓய்வு தேடிப் போகிறவர்களுக்கு அது ஒத்துவராது. டிசம்பரில் கூட்டம் குறைவு. பக்கத்தில் டரிங்டன் வால்ஸ் என்ற பழங்காலக் குடியிருப்பில் கிடைத்த பன்றி எலும்புகளை வைத்து, கற்களை நிறுத்திய மக்களே குளிர்கால நடுவில்தான் கூடி விருந்து உண்டார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அது 4,500 வருடம் பழைய விருந்து.

அக்டோபர் 31 சாவின் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடையில் பூசணியும் எலும்புக்கூடுமாக விற்பது வேறு. இவர்களுக்கு அது இறந்தவர்களை நினைக்கும் இரவு. சாப்பாட்டு மேசையருகே ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு, அதற்கும் தட்டு வைத்து, பேசாமல் சாப்பிடுவார்கள். அப்பா தவறிய வருடம் என்னால் நேரத்துக்கு ஊர் போய்ச் சேர முடியவில்லை, முகம் பார்க்கவில்லை. அந்த அக்டோபரில் அந்தம்மா கேட்டார், "உன் அப்பாவுக்கு என்ன பிடிக்கும்?" தயிர் சாதமும் மாவடுவும் கொண்டுபோனேன். மாவடு ஊரிலிருந்து வந்த கடைசிப் பாட்டில். அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. படையல் போட்ட நிறைவு எனக்கு அங்கே கிடைத்தது, தங்கச்சி. இதை உங்கள் அம்மாவிடம் நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்.

இப்போது உங்கள் யூல் அழைப்பு. முதலில் வட்டமாக நிற்க வைத்து, கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று நான்கு திசையையும் அழைப்பார்கள். நகர்ந்தால் கடிகாரச் சுற்றில், நம் வலம் மாதிரி. நடுவில் வெளியே போக வேண்டுமென்றால் வட்டத்தைக் கடந்து ஓடாதீர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னால் வழிவிடும் முறை ஒன்று வைத்திருப்பார்கள். கோப்பை சுற்றி வரும், மீட் என்ற தேன் மதுவாக இருக்கலாம். வேண்டாம் என்றால் உதட்டருகே கொண்டுபோய் அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, சிலர் வேலையிடத்தில் தங்கள் நம்பிக்கையைச் சொல்லியிருக்க மாட்டார்கள். 'எல்லாமே எங்களிடமிருந்து வந்ததுதான்' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அவர்கள் ஊர் மண்ணுக்கு அவர்கள் கதை இருக்கிறது, அதை முழுக்கக் கேளுங்கள். நம் கதையைப் பிறகு அவர்களே கேட்பார்கள்.

பயணச் செலவுக்கு: இரண்டு பேர் பெயரிலும் சேர்த்து 'டூ டுகெதர்' ரயில்கார்டு வாங்குங்கள். சேர்ந்து போனால் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும், வார நாளில் காலை ஒன்பதரைக்கு மேல்தான் செல்லும். யூத் ஹாஸ்டல்களில் தனி அறையும் கிடைக்கும், சமைத்தும் கொள்ளலாம். கிராமத்தில் அறை எடுக்கும் முன் ஞாயிற்றுக்கிழமை பஸ் உண்டா என்று பாருங்கள். நாங்கள் ஒருமுறை பார்க்காமல் போய், மொபைல் வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் நடந்தோம்.

விருந்துக்கு எல்லோரும் ஏதாவது ஒன்று செய்து கொண்டுவருவார்கள். எலுமிச்சை சாதம் எடுத்துப்போங்கள், ஆறினாலும் நன்றாக இருக்கும். வேர்க்கடலை போடும் முன் யாருக்காவது அலர்ஜி உண்டா என்று கேட்டுவிடுங்கள். காலுக்குக் கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி.

— அக்கா