12 வோல்ட் ரவுட்டருக்கு 2 ஆம்பியர் அடாப்டர் போடலாமா?
ரவுட்டரில் 12 வோல்ட் 1 ஆம்பியர் என்றிருக்கிறது, கையில் இருப்பது 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், எரிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எரியாது. 2 ஆம்பியர் என்பது அடாப்டரால் அதிகபட்சம் தர முடிந்த அளவு. ரவுட்டர் தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும். வோல்ட்தான் மாறக் கூடாது.

அப்புறம், அடாப்டர் பின்னின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸா என்று இரண்டு லேபிளிலும் உள்ள வட்டப் படத்தை ஒப்பிடுங்கள். இதைப் பார்க்காமல் செருகி நான் ஒரு நல்ல கருவியை இழந்திருக்கிறேன். அவுட்புட் டிசிதானா (நேர் மின்னோட்டம், ஏசி அல்ல) என்றும் பாருங்கள்.

உங்களுடையது கனமான, பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை என்றால் முதலில் மல்ட்டிமீட்டரில் அளந்துவிடுங்கள். 12 என்று எழுதியிருந்தாலும் லோடு இல்லாதபோது, அதாவது எந்தக் கருவியிலும் மாட்டாதபோது, 16 வோல்ட் வரைகூடக் காட்டலாம். அப்படிக் காட்டினால் ரவுட்டரில் மாட்ட வேண்டாம்.