ஜாவா கிராமத்தில் பதினோரு வருஷம்: நிலம், வீடு, பயணம் பற்றி நீங்கள் கேட்டவை

நான் இருப்பது மத்திய ஜாவாவில், மெராபி எரிமலைக்கு மேற்கே. முந்திலான் என்ற சிறு நகரத்திலிருந்து மலைப்பக்கமாக ஏறினால் வரும் ஒரு கிராமம். கணவர் இந்த ஊர்க்காரர், நான் தூத்துக்குடிப் பக்கம். இந்தோனேசியக் கிராம வாழ்க்கை பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறைய வந்தன. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஆட்கள் பணத்தை இழப்பது அங்கேதான்.

கோவையிலிருந்து ஒரு தம்பி: அக்கா, அங்கே அரை ஏக்கர் வாங்கி ஒரு ஓட்டு வீடு கட்டிக்கொண்டு இருந்துவிடலாம் என்று ஆசை. வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியுமா?

நம் ஊரில் பட்டா பத்திரம் என்று சொல்லுகிற முழு உரிமைக்கு இங்கே 'ஹக் மிலிக்' என்று பெயர். 1960-ஆம் வருஷத்து நிலச் சட்டப்படி அது இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். உங்களுக்குக் கிடைக்கக்கூடியது 'ஹக் பக்காய்', அதாவது பயன்படுத்தும் உரிமை: முதலில் 30 வருஷம், பிறகு 20, அதன்பின் இன்னொரு 30. ஆனால் வெளிநாட்டவர் இப்படி வாங்கும் வீட்டுக்குக் குறைந்தபட்ச விலை என்று ஒன்றை அரசு வைத்திருக்கிறது, கிராமத்து ஓட்டு வீடு அந்த விலைக்குப் பக்கத்தில்கூட வராது. அதனால் கிராமத்தில் உங்களுக்கு நடைமுறையில் இருக்கும் வழி வாடகை அல்லது குத்தகைதான்.

இப்போது உங்களிடம் ஒருவர் வந்து, "என் பெயரில் வாங்கிக்கொள்ளுங்கள், தனியாக ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம், எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்பார். தம்பி, அது பினாமி. அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? நேரடியாகவோ மறைமுகமாகவோ வெளிநாட்டவருக்கு ஹக் மிலிக் நிலத்தை மாற்றினால் அது செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்க முடியாது. பக்கத்துக் கிராமத்தில் ஓர் ஐரோப்பியப் பெரியவர் நண்பரின் பெயரில் வாங்கி அழகாக மர வீடு கட்டினார். நண்பர் நல்லவர்தான், கடைசிவரை வாக்கு மாறவில்லை. ஆனால் அவர் திடீரென்று இறந்துபோனார், நிலம் அவருடைய நான்கு பிள்ளைகளுக்கு வந்தது, அவர்களுக்கு இந்த ஒப்பந்தமெல்லாம் தெரியாது. பெரியவர் இரண்டு பெட்டியோடு ஊரை விட்டுப் போனதை நான் பார்த்தேன். ஆள் நல்லவர், நம்பலாம் என்று சொல்லாதீர்கள். நல்லவர்களும் சாகத்தான் செய்கிறார்கள்.

சிங்கப்பூரிலிருந்து: மனைவி ஜாவாக்காரர். அப்போது பிரச்சினை இல்லைதானே?

இருக்கிறது, இதில் நானே மாட்டியிருக்கிறேன். கல்யாணத்துக்குப் பின் வாங்கும் சொத்து இங்கே இருவருக்கும் பொது. ஒருவர் வெளிநாட்டவர் என்றால் பொதுச் சொத்தாக ஹக் மிலிக் வாங்க முடியாது, ஆக இந்தோனேசியரான மனைவியும் வாங்க முடியாமல் போய்விடுகிறது! கல்யாணத்துக்கு முன்பே சொத்துப் பிரிவு ஒப்பந்தம் எழுதியிருந்தால் தப்பலாம். எங்களுக்கு அது தெரியாது. மாமியார் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் விலைக்கு வந்தபோது பத்திரம் எழுதுபவர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு முடியாது என்று சொல்லிவிட்டார். அன்று இரவு என் கணவர் சாப்பிடவே இல்லை.

2016-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஜப்பானியரைக் கட்டிக்கொண்ட ஓர் இந்தோனேசியப் பெண் தொடுத்த வழக்கு அது. கல்யாணத்துக்குப் பிறகும் அந்த ஒப்பந்தத்தைச் செய்துகொள்ளலாம் என்று வந்தது. நாங்களும் அதன் பிறகு எழுதினோம், நிலம் அவர் பெயரில் இருக்கிறது. அவருக்கு ஏதாவது ஆனால் நான் வாரிசாக அதைப் பெறலாம், ஆனால் ஒரு வருஷத்துக்குள் விற்கவோ தகுதியுள்ள ஒருவருக்கு மாற்றவோ வேண்டும். உங்களுக்குக் கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் சரி, முதலில் இந்த ஒப்பந்தத்தை முடியுங்கள்.

இன்னொன்று, இதைக் கேட்காமலே சொல்கிறேன், ஏனென்றால் காதலித்துக்கொண்டிருக்கும் இரண்டு பேர் வேறு வழியாகக் கேட்டிருந்தார்கள். இருவரும் வேறு வேறு மதம் என்றால் இங்கே திருமணத்தைப் பதிவது மிகவும் கடினம். 2023-இல் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட பதிவுக்கு அனுமதி தர வேண்டாம் என்று கீழ் நீதிமன்றங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. நாங்கள் இருவரும் கத்தோலிக்கர் என்பதால் அந்தச் சிக்கல் வரவில்லை. முந்திலான் பழைய கத்தோலிக்க ஊர். 1904-இல் வான் லித் என்ற பாதிரியார் 171 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்த செண்டாங்சோனோ நீரூற்று இங்கிருந்து கொஞ்ச தூரம்தான்.

கிள்ளானிலிருந்து: மனைவி பெயரில் கிராமத்தில் நிலம் வாங்கப்போகிறோம். ஒப்பந்தமெல்லாம் முடிந்தது. என்ன பார்க்க வேண்டும்?

முதலில் சான்றிதழ், 'செர்டிபிகாட்'. பல கிராமத்து நிலங்களுக்கு அது இன்னும் இல்லை, 'லெத்தர் சே' என்று கிராம அலுவலகப் பதிவேட்டில் ஒரு வரிதான் இருக்கும். வரி கட்டிய ரசீதைக் காட்டி இதுதான் ஆதாரம் என்பார்கள், அது உரிமைப் பத்திரம் ஆகாது. விற்பவரையே சான்றிதழ் எடுத்துத் தரச் சொல்லுங்கள், பிறகு பணம் கொடுங்கள். சான்றிதழ் இருந்தாலும் நில அலுவலகத்தில் அடமானம், வழக்கு இருக்கிறதா என்று சரிபார்க்காமல் முன்பணம் வேண்டாம்.

அடுத்தது வாரிசுகள். தாத்தா பெயரிலேயே நிற்கும் நிலம் ஏராளம். எட்டு வாரிசில் ஒருவர் கலிமந்தானில் வேலைக்குப் போயிருப்பார், அவர் கையெழுத்து இல்லாமல் வாங்கினால் பத்து வருஷம் கழித்து வந்து நிற்பார். இது நம் ஊர்க் கதைதான், உங்களுக்கே தெரியும். அப்புறம் 'பெங்கோக்' நிலம்: கிராம அதிகாரிகளுக்குச் சம்பளத்துக்குப் பதிலாக விடப்பட்ட ஊர் நிலம், பதவி போனால் நிலமும் திரும்பப் போய்விடும். அதை விற்க யாருக்கும் உரிமை இல்லை, குத்தகைக்கு மட்டும்தான். வயல் என்றால் அதில் வீடு கட்ட அனுமதி கிடைக்குமா என்று முன்பே கேளுங்கள். 2009 முதல் பாதுகாக்கப்பட்ட நெல்வயல்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, வயல் விலையில் வாங்கி மனை ஆக்கலாம் என்ற கணக்கு பலிக்காது.

செலவு: வாங்குபவருக்கு உரிமை மாற்றும் வரி 5 சதவீதம், விலையில் ஒரு தொகையைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் அது. விற்பவருக்கு 2.5 சதவீதம். பத்திர அலுவலர் கட்டணம் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விற்பவருடைய வரியையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள், விலை பேசும்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமாக நான் நினைப்பது, நான்கு பக்கத்து நிலக்காரர்களையும் போய்ப் பாருங்கள். சும்மா தேநீர் குடிக்க உட்காருங்கள். வேலி எங்கே, வண்டி போகிற வழி யாருடையது, மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே பாய்கிறது, எல்லாம் அங்கே வந்துவிடும். எந்தக் காகிதத்திலும் அது இருக்காது.

திருச்சி: வாடகைக்கு இருப்பது எப்படி? மாதம் எவ்வளவு?

மாதக் கணக்கு கிராமத்தில் அபூர்வம். 'கொந்த்ராக்' என்றால் ஒரு வருஷ வாடகையை மொத்தமாக முன்கூட்டியே கொடுப்பது. நாங்கள் முதலில் இருந்த இரண்டு அறை வீட்டுக்கு வருஷத்துக்கு 60 லட்சம் ரூபியா கொடுத்தோம், நம் பணத்தில் 30,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். வீடு பார்க்கும்போது மின் மீட்டரைப் பாருங்கள். 450 அல்லது 900 வோல்ட் ஆம்பியர் என்று போட்டிருந்தால் இஸ்திரிப் பெட்டியையும் சோறு வடிக்கிற குக்கரையும் ஒரே நேரத்தில் போட முடியாது, கரண்ட் விழுந்துவிடும். 1,300 இருந்தால் நிம்மதி. கரண்டுக்கு முன்பணம்தான், கடையில் 20 இலக்க எண் ஒன்று வாங்கி மீட்டரில் அடிக்க வேண்டும். மீட்டர் கத்த ஆரம்பித்தால் தீரப்போகிறது என்று அர்த்தம், அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் கேட்கும்.

சென்னை: விசா?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு வந்து இறங்கியதும் கிடைக்கும் விசா உண்டு. 5 லட்சம் ரூபியா, 30 நாள், ஒரு தடவை இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம். மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் என்றால் 30 நாள் விசா இல்லாமலே. காலக்கெடு தாண்டினால் ஒரு நாளைக்கு 10 லட்சம் ரூபியா அபராதம், விளையாட வேண்டாம். கிராமத்தில் யார் வீட்டிலாவது தங்கினால் 24 மணி நேரத்துக்குள் 'பாக் எர்தே'யிடம் சொல்ல வேண்டும், தெருமுனையில் பலகையே வைத்திருப்பார்கள். எர்தே என்பது சில பத்து வீடுகள் சேர்ந்த ஒரு தெரு அமைப்பு, அதன் தலைவர் அவர். பயப்பட எதுவும் இல்லை, பாஸ்போர்ட் நகலோடு ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் கொண்டுபோனால் அரை மணி நேரம் பேசிவிட்டு வரலாம்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு அக்கா: பாஷை தெரியாத ஊரில் எப்படிப் பழகினீர்கள்? ஒதுக்கிவைக்கவில்லையா?

அக்கா, முதல் ஆறு மாதம் தினமும் அழுதேன். வாசலைத் தாண்டினால் ஒவ்வொருவரும் "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்பார்கள். வேவு பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது, நம் தெருவில் "என்ன, கிளம்பியாச்சா?" என்பதும் இதுவும் ஒன்றுதான். "அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினால் போதும். வலது கையால்தான்.

என்னைச் சேர்த்துக்கொண்டது 'ரெவாங்'. கல்யாண வீடு என்றால் இரண்டு நாள் முன்பே தெருப் பெண்கள் எல்லோரும் போய்ச் சமையலுக்கு உதவ வேண்டும். கூப்பிடாமலே போக வேண்டும், அதுதான் முறை. நான் தேங்காய் துருவ உட்கார்ந்தேன், நான்கு மணி நேரம் துருவினேன். அடுத்த நாளிலிருந்து 'இந்தியாக்காரி' என்ற பேச்சு நின்று 'ம்பாக்' ஆகிவிட்டேன், அக்கா என்று அர்த்தம். ஆண்களுக்கு 'ரோண்டா', இரவுக் காவல் முறை. காவலுக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தொங்கும் சிறு டப்பாவிலிருந்து அரிசியோ 500 ரூபியா நாணயமோ எடுத்துப்போவார்கள், 'ஜிம்பிதான்' என்று பெயர். அந்தப் பணத்தில்தான் எங்கள் தெருவிளக்கும் கல்யாணப் பந்தல் நாற்காலிகளும் வந்தன. ஊரில் பாதிக்கு மேல் முஸ்லிம்கள். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வருவார்கள், பெருநாளுக்கு நாங்கள் வீடு வீடாகப் போவோம்.

பாஷை? இந்தோனேசிய மொழி ஆறு மாதத்தில் வரும், கப்பல் 'கப்பால்', பெட்டி 'பெத்தி', மாங்காய் 'மங்கா' என்று நம் சொற்களே எதிரே வந்து நிற்கும். ஜாவா மொழி வேறு, அதில் மரியாதைக்குத் தகுந்தபடி சொல்லே மாறும். மாமியாரிடம் ஒரு சொல், தம்பியிடம் ஒரு சொல். இன்னும் தப்பு விடுகிறேன், பொறுத்துக்கொள்கிறார்கள்.

மதுரை: சுத்த சைவம். சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம், ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். கீரைப் பொரியல் மாதிரி இருக்கும், உள்ளே 'தெராசி' என்ற இறால் விழுது இருக்கும். 'சம்பால்' என்ற மிளகாய்ச் சட்டினியிலும் இருக்கும். அப்பளம் மாதிரி கொறிக்கிற 'கெருப்புக்' பாதிக்குப் பாதி இறாலோ மீனோ சேர்த்தது. "சைவம்" என்று மட்டும் சொன்னால் கறியை எடுத்துவிட்டு அதே குழம்பை ஊற்றுவார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. "தன்பா தெராசி, தன்பா இக்கான், தன்பா கால்டு" என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இறால் விழுது, மீன், கறிச்சாறு வேண்டாம். தெம்பே தினமும் கிடைக்கும், சோயாவைப் புளிக்கவைத்துச் செய்வது, வறுத்தால் அருமை. 'பெச்செல்' என்றால் வெந்த கீரை மேல் வேர்க்கடலைச் சட்டினி, அதிலும் தெராசி போட்டிருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

முருங்கை இங்கே 'கெலோர்', வேலியோரம் சும்மா நிற்கும். இறந்தவரைக் குளிப்பாட்ட அந்த இலையைப் பயன்படுத்துவதால் பழைய ஆட்கள் சிலர் சாப்பிட யோசிப்பார்கள். நான் முதல்முறை முருங்கைக்கீரைப் பொரியல் வைத்தபோது மாமியார் தொடவில்லை. இப்போது அவரே பறித்து வருகிறார். உலகம் முருங்கை இலை அளவு சின்னதில்லை என்று இவர்களிடம் ஒரு பழமொழி உண்டு, அன்றைக்குச் சிரித்துக்கொண்டே அதைத்தான் சொன்னார்.

பலர் கேட்டது: எரிமலை பயமில்லையா?

இருக்கிறது. 2010 வெடிப்பில் 300 பேருக்கு மேல் இறந்தார்கள். போரோபுதூர் பௌத்தக் கோயில் முழுக்கச் சாம்பல் மூடி, அதைச் சாத்தினார்கள். எங்கள் பக்கத்து 'சாலாக்' பழத் தோட்டங்கள் சாம்பல் கனத்தில் முறிந்து விழுந்தன என்று கணவர் இன்னும் சொல்வார். 2020 நவம்பரில் எச்சரிக்கையை நான்கில் மூன்றாம் நிலைக்கு உயர்த்தினார்கள். நெருப்பைவிட, மழைக்காலத்தில் ஆற்றில் மணலும் பாறையுமாக இறங்கும் 'லகார்' வெள்ளம் எங்களுக்குப் பெரிய பயம். அதனால் ஆற்றோர நிலம் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். மண் இவ்வளவு செழிப்பாக இருப்பதும் அதே மலையால்தான், ஊரை விட்டுப் போகலாம் என்று இங்கே ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஈரோடு: மருத்துவமனை?

காய்ச்சல், பிரசவம் என்றால் கிராமத்து மருத்துவச்சியும் 'புஸ்கெஸ்மாஸ்' என்ற அரசு ஆரம்ப சுகாதார நிலையமும் போதும். பெரிதாக ஏதாவது என்றால் மாகெலாங் அல்லது யோக்யகார்த்தா. டெங்கு இங்கும் உண்டு, கொசுவலை கொண்டுவாருங்கள்.

திருநெல்வேலி: பத்து நாள் லீவில் வரப்போகிறோம், இரண்டு பிள்ளைகளோடு. எந்த மாதம், எப்படி வருவது?

ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை மழை இல்லை, விடிகாலையில் மலை முழுசாகத் தெரியும். ரம்ஜான் பெருநாளை ஒட்டிய இரண்டு வாரத்தைத் தவிருங்கள், நகரத்துக்காரர்கள் எல்லோரும் சொந்த ஊருக்குக் கிளம்புவார்கள், டிக்கெட் கிடைக்காது. கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழியாக யோக்யகார்த்தா விமான நிலையம், அங்கிருந்து ரயிலில் 40 நிமிஷத்தில் நகரம். மாகெலாங் பக்கம் ரயில் 1970களிலேயே நின்றுவிட்டது, ஜோம்போர் பஸ் நிலையத்திலிருந்து பஸ் பிடித்து முந்திலானில் இறங்க வேண்டும். பிள்ளைகளோடு என்றால் கார் பேசிக்கொள்ளுங்கள். பைக் வாடகைக்கு எடுப்பதானால் பைக்குக்கும் செல்லுபடியாகும் சர்வதேச லைசென்ஸ் கையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் விபத்து ஆனால் காப்பீட்டுக்காரர் கைவிரிப்பார். சார்ஜருக்கு உருண்டை இரண்டு முனை பிளக் வேண்டும்.

சந்தையைக் கட்டாயம் பாருங்கள். ஜாவா வாரத்துக்கு ஐந்தே நாள்: லெகி, பஹிங், போன், வகே, க்லிவோன். ஒவ்வொரு ஊர்ச் சந்தையும் இதில் ஒரு நாளில்தான் களைகட்டும், யோக்யகார்த்தாவின் கோத்தகெடேயில் லெகி அன்று. எங்கள் பக்கம் எந்த நாள் என்று நீங்கள் தேதி சொன்னால் பார்த்துச் சொல்கிறேன். காலை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும், எட்டு மணிக்கெல்லாம் நல்ல கீரை போய்விடும். வரும்போது கொஞ்சம் கருப்பட்டி மட்டும் கொண்டுவாருங்கள், மாமியாருக்கு.