வலியோடு போட்ட மூன்று கையெழுத்து

கேள்வி: ஐயா, சம்பளத்தை வெளியே சொல்ல விருப்பமில்லை. மாதச் சம்பளத்தை 100 என்று வைத்து, மற்றதையும் அதே கணக்கில் எழுதுகிறேன். வீட்டில் நான், மனைவி, 15 வயது மகள், 7 வயது மகன், சர்க்கரை நோயுள்ள 68 வயது அம்மா. இரண்டு வருடமாகப் பல்லுக்கென்றே சம்பாதிக்கிறேன். ஒரு சொத்தைப் பல்லை அடைக்க 4 ஆகும் என்று முன்பு சொன்னார்கள். வலி இல்லை என்பதால் விட்டுவிட்டேன். கடைசியில் ரூட் கேனலும் கேப்புமாக 50 ஆனது. அதில் கிரெடிட் கார்டில் 45 நிற்கிறது. வட்டி மாதம் 3 சதவீதம், நான் மாதம் 3 கட்டுகிறேன். மனைவிக்கு பிரிட்ஜ் (பக்கத்துப் பற்கள் தாங்கும் கட்டுப்பல்) போட்ட கடனுக்கு மாதம் 5, இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. க்ளீனிங் செய்தால் பல் ஆடிவிடும் என்று அவர் பயப்படுகிறார். மகளின் அலைனருக்கு (பல்லை வரிசையாக்க மாட்டிக் கழற்றும் உறை) 'வட்டியில்லாத் தவணை' மாதம் 6, 18 தவணையில் 7 முடிந்தது. மூன்றையும் அந்தந்த நாளிலேயே கிளினிக்கில் ஏற்பாடு செய்து தந்தார்கள். வங்கியில் 60 வைப்பு நிதியாக இருக்கிறது, 7 சதவீத வட்டி. அவசரத்துக்கென்று தொடாமல் வைத்திருக்கிறேன். இப்போது அக்கா, அம்மாவுக்கு வாய் முழுக்க இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பல் கட்டுவது) வைத்தே ஆகவேண்டும் என்கிறார். 700 ஆகும். 14 சதவீதத்தில் ஐந்து வருடக் கடன் கிடைக்கும், பாதியைப் பிறகு தருகிறேன் என்கிறார். அம்மா எதுவும் கேட்கவில்லை. கீழ்ப் பல்செட் ஆடுவதால் சாப்பிடும்போது கழற்றி டம்ளரில் போட்டுவிடுகிறார். கடன் வாங்கலாமா? பல்லுக்குக் காப்பீடு எடுக்கலாமா?

பதில்: காலையும் இரவும் பல் துலக்குங்கள், இனிப்பைக் குறையுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரவு செலவை இவ்வளவு ஒழுங்காக எழுதியிருப்பவருக்குச் சிக்கனம் பற்றியும் பாடம் தேவையில்லை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ஒரே வரிதான்: "அந்தந்த நாளிலேயே கிளினிக்கில் ஏற்பாடு செய்து தந்தார்கள்."

மூன்று கடன், மூன்றும் போன அன்றே. சிகிச்சைக்குப் போன இடத்திலேயே, வீட்டுக்குக் கூடத் திரும்பாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஒரு வண்டி வாங்குவதென்றால் நாலு இடத்தில் விசாரித்திருப்பீர்கள். பல் என்று வந்ததும் அந்த நிதானம் போய்விடுகிறது. இரவெல்லாம் தூங்காமல், ஒரு கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு போகிறவரால் வட்டி விகிதம் கேட்க முடியாது என்பது எனக்குப் புரிகிறது. அதனால்தான் அந்த நாற்காலியில் வைத்துப் பண முடிவு எடுக்கவே கூடாது என்கிறேன். உங்கள் வீட்டுக் கணக்கைக் கெடுப்பது அந்த ஒரு பழக்கம்.

முதலில் உங்கள் பல்லையே எடுத்துக்கொள்வோம். 4-ல் முடிந்திருக்க வேண்டியது 50 ஆனது. பல்லின் மேலோடான எனாமலில் உயிரணுவும் இல்லை, நரம்பும் இல்லை. வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்கி அதை அரிக்கும்போது நமக்கு எதுவும் தெரியாது. வெள்ளைத் தழும்பாக இருக்கும் வரை ஃப்ளூரைடால் அதைத் திருப்பிவிடலாம். குழி விழுந்துவிட்டால் அடைக்கத்தான் வேண்டும். அந்தக் குழி, பல்லுக்குள்ளே நரம்பு இருக்கும் மென்மையான கூழை எட்டிய பிறகு அடைப்பும் பயன்படாது. ஆக, வலி வருவதற்காகக் காத்திருந்தால் மலிவான கட்டம் முழுக்க சத்தமில்லாமல் கடந்து போயிருக்கும்.

வலி தானாக நின்றுபோனால் அதை நம்பவும் கூடாது. எனக்கே நடந்தது. ஒரு கடைவாய்ப்பல் பத்து நாள் உயிரை எடுத்துவிட்டு ஒரு காலையில் அமைதியாகிவிட்டது. நல்லதாகப் போயிற்று என்று வாங்கிய முன்பதிவை ரத்து செய்தேன். நரம்பு செத்திருக்கிறது, அவ்வளவுதான். நாலு மாதம் கழித்து ஈறில் கொப்புளமாகச் சீழ் கட்டியது.

இனி கார்டு பாக்கி. 45-க்கு மாதம் 3 சதவீதம் என்றால் முதல் மாத வட்டி 1.35. நீங்கள் கட்டும் 3-ல் கிட்டத்தட்ட பாதி வட்டிக்கே போகிறது. இப்படியே போனால் முடிக்க 20 மாதத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும், மொத்தம் 60-க்குச் சற்று மேல் கட்டியிருப்பீர்கள். அதே நேரம் வங்கியில் 60 தூங்குகிறது. அதில் 45-க்கு ஒரு வருடத்தில் கிடைப்பது 3-க்குச் சற்று மேல். ஒரு கையில் 36 சதவீதம் கொடுத்து மறு கையில் 7 சதவீதம் வாங்குகிறீர்கள். அவசரத்துக்கு என்று வைத்த பணம்தானே? இதுதான் அவசரம். இந்த வாரமே வைப்பு நிதியை உடைத்துக் கார்டை முழுசாக அடையுங்கள். முன்கூட்டி எடுப்பதற்கு வங்கி கொஞ்சம் வட்டியைப் பிடித்தாலும் லாபம் உங்களுக்குத்தான்.

மீதி 15 கையிருப்பு, கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். ஆனால் மாதம் 3 உடனே விடுபடுகிறது. அதைச் செலவில் கரையவிடாமல் தனிக் கணக்கில் போடுங்கள். ஏழு மாதத்தில் அங்கே 21 சேரும். அப்போது மனைவியின் கடனும் முடிவதால் மாதம் 8 ஆகும். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் இன்னொரு 96. ஐந்து பேருக்கான பரிசோதனை, க்ளீனிங், சின்ன அடைப்புகள் எல்லாம் அதிலிருந்து நடக்கட்டும். காப்பீடு பற்றிக் கேட்டீர்களே, அதற்கு என் பதிலும் இந்தக் கணக்குதான். பல் காப்பீடுகளில் பெரும்பாலும் வருடத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருக்கும், பெரிய சிகிச்சைகளுக்குக் காத்திருப்புக் காலம் இருக்கும், ஏற்கெனவே இழந்த பல்லுக்குப் பல திட்டங்கள் தராது. நிறுவனம் வாயிலாகக் குறைந்த சந்தாவில் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றபடி, வருடச் சந்தாவையும் வருட உச்சவரம்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மகளின் 'வட்டியில்லாத் தவணை' பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் இணைத்திருந்த ரசீதில், மொத்தமாகக் கட்டினால் 100 என்றும் தவணைக்குச் செயல்பாட்டுக் கட்டணம் 2 என்றும் இருக்கிறது. நீங்கள் கட்டப்போவது 6 பெருக்கல் 18, அதாவது 108, கூடவே அந்த 2. கூடுதலாகக் கட்டுவது 10. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதால் சராசரியாக நிலுவையில் இருப்பது 50 சொச்சம்தான். 50-க்கு ஒன்றரை வருடத்தில் 10 என்றால் ஆண்டுக்கு 13 சதவீதம் வாக்கில் வருகிறது. வட்டி என்ற சொல்லைத்தான் எடுத்திருக்கிறார்கள், பணத்தை எடுக்கவில்லை. இப்போது அதை முன்கூட்டி அடைக்கத் தேவையில்லை, மொத்தமாகக் கட்டுபவருக்கான அந்தத் தள்ளுபடி திரும்ப வராது.

அதைவிட எனக்குக் கவலை தந்தது, மகள் இரவில் மட்டும் அலைனரைப் போடுகிறாள் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்த வரி. அலைனர் ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருந்தால்தான் பல் நகரும். எட்டு மணி நேரம் போட்டால் தவணை மட்டும்தான் நகரும். பதினைந்து வயதுப் பெண்ணைத் திட்டிப் பயனில்லை. அவளையும் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போய், கழற்ற முடியாத கம்பி கிளிப்புக்கு மாற முடியுமா, கட்டிய பணத்தில் எவ்வளவு அதற்குக் கழியும் என்று நேரடியாகக் கேளுங்கள். பல் வரிசையான பிறகு போடவேண்டிய ரிடெய்னர் இந்தத் தொகையில் சேர்ந்ததா என்பதையும் கேளுங்கள். அது இல்லாவிட்டால் பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும்.

அலைனர் மோகத்தைப் பார்க்கும்போது எனக்கு ஒரு சம்பவம் நினைவுக்கு வரும். 2023 டிசம்பரில் ஸ்மைல் டைரக்ட் க்ளப் என்ற அமெரிக்க அலைனர் நிறுவனம் மூடப்பட்டது. சிகிச்சை பாதியில் நின்றவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். ஆனால் தவணைத் திட்டத்தில் இருந்தவர்கள் மீதித் தவணையையும் தொடர்ந்து கட்டவேண்டும் என்று நிறுவனம் அறிவித்தது. சிகிச்சை தருபவர் ஒருவர், கடன் ஒப்பந்தம் வேறு. ஒன்று நின்றாலும் மற்றது நிற்காது. எனவே எந்தச் சிகிச்சைக்கும் மொத்தத்தையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அதற்கான தொகை என்று பேசுங்கள். நல்ல மருத்துவர்கள் பலர் இதற்கு ஒப்புக்கொள்வார்கள்.

இப்போது அம்மா. 700-ஐ 14 சதவீதத்தில் ஐந்து வருடத்துக்கு வாங்கினால் மாதம் 16-க்கு மேல் வரும். மொத்தம் 977 கட்டுவீர்கள். வட்டி மட்டும் உங்கள் மூன்று மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் குறைவு. அக்கா பாதியைப் 'பிறகு' தருகிறேன் என்கிறார். கடன் உங்கள் பெயரில் இருக்கும், பிறகு என்ற நாளை அவர் குறிப்பார். இதை அக்கா மீது சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. அம்மா மீது அவருக்கு உள்ள பாசம் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் பாசத்தின் தவணையை ஒருவர் மட்டும் கட்டினால் கடைசியில் உறவும் கெடும்.

உங்கள் கடிதத்தில் அம்மாவைப் பற்றி அவ்வளவு எழுதியும், அவருக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவருடைய பிரச்சினை வாய் முழுக்க இல்லை, கீழ்ப் பல்செட் ஆடுகிறது. பல் போன இடத்தில் தாடை எலும்பு வருடத்துக்கு வருடம் தேயும், அதுவும் கீழ்த்தாடையில் அதிகமாகத் தேயும். அன்றைக்கு அளவெடுத்த செட் இன்றைக்குத் தொளதொளவென்று இருப்பது அதனால்தான். செட்டின் உள்பக்கத்தை இப்போதைய ஈறுக்கு ஏற்ப நிரப்பித் தரமுடியுமா என்று முதலில் கேளுங்கள், செலவு மிகச் சிறியது. அது போதாதென்றால் புதுச் செட். அதுவும் நிற்கவில்லையென்றால் கீழே இரண்டே இரண்டு இம்ப்ளான்ட் வைத்து, அதன்மேல் பொத்தான் போல மாட்டிக் கழற்றும் செட். 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவர்களுக்கு முதல் தேர்வாக இருக்கவேண்டியது இந்த இரண்டு இம்ப்ளான்ட் முறைதான் என்று பரிந்துரைத்தார்கள். வாய் முழுக்க வைப்பதோடு ஒப்பிட்டால் இதன் செலவு ஒரு சிறு பங்கு.

'ஒரே நாளில் நிலையான பல்' என்ற விளம்பரத்தை அக்கா அனுப்பியிருப்பார் என்று நினைக்கிறேன். அன்றைக்கு மாட்டுவது பெரும்பாலும் தற்காலிகப் பல். திருகு எலும்போடு சேர்ந்து இறுக மூன்று முதல் ஆறு மாதம் வரை ஆகும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறத் தாமதமாகும், தொற்று வரும், இம்ப்ளான்ட் பிடிக்காமலும் போகலாம். அம்மாவின் கடைசி மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைப் பார்க்காமல் இம்ப்ளான்டுக்குத் தேதி கொடுக்கும் இடத்தில் ஒரு காசும் கட்டாதீர்கள். அக்காவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அக்கா, முதல்ல அம்மாவோட கீழ்ச் செட்டைச் சரி பண்ணுவோம். சர்க்கரையைப் பார்ப்போம். ரெண்டு இம்ப்ளான்ட் வேணும்னு டாக்டர் சொன்னா, உன் பாதியும் என் பாதியும் கையில வந்த அன்னைக்கு ஆரம்பிப்போம்."

க்ளீனிங் பற்றி உங்கள் மனைவிக்கு இருக்கும் பயம் பலருக்கும் உண்டு. க்ளீனிங் பல்லை ஆட்டுவதில்லை. ஈறு இறங்கி ஏற்கெனவே ஆடும் பல்லைக் காறை ஒட்டிப் பிடித்திருக்கும், காறையை எடுத்ததும் ஆட்டம் தெரியவரும். ஈறில் ரத்தம் வருகிறது என்றால் அவரைத் தள்ளிப்போடாமல் அழைத்துப் போங்கள். பிரிட்ஜைத் தாங்கும் பற்களின் ஈறு கெட்டால் இன்றும் தவணை கட்டிக்கொண்டிருக்கும் பிரிட்ஜையே இழப்பீர்கள்.

அடுத்த முறை யாருக்கு வலித்தாலும் நாற்காலியில் உட்கார்ந்ததும் சொல்லவேண்டியது இது: "டாக்டர், இன்னைக்கு வலி நிக்க என்ன செய்யணுமோ அதை மட்டும் செய்யுங்க. மீதியை எழுதிக் கொடுங்க, வீட்ல பேசிட்டு வரேன்." ரூட் கேனல் தேவைப்படும் பல்லைக்கூட அன்று திறந்து, உள்ளே சுத்தம் செய்து தற்காலிகமாக அடைத்தால் பெரும்பாலும் வலி அடங்கிவிடும். எழுதி வாங்கும் தாளில் எது உடனே, எது மூன்று மாதத்துக்குள், எது விருப்பத்துக்கு என்று பிரித்திருக்கட்டும். எக்ஸ்ரே நகலையும் கேட்டு வாங்குங்கள், இன்னொருவரிடம் காட்ட உதவும். ஓரிரு வாரத்தில் முடிவெடுத்துவிடுங்கள், தற்காலிக அடைப்பை மாதக்கணக்கில் விட்டால் மறுபடி கிருமி நுழையும். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் இந்தத் தாமதம் ஆகாது. முகம் வீங்கி, காய்ச்சல் அடித்து, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமாக இருந்தால் பணத்தை நினைக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

மகனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, அவனுக்கு ஒன்றும் வலிக்காததால்தான் விட்டிருப்பீர்கள். ஆறு வயது வாக்கில் மேலும் கீழும் இரு பக்கமும் பால்பற்களுக்குப் பின்னால் ஒவ்வொரு கடைவாய்ப்பல் சத்தமில்லாமல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் பல பெற்றோர் அதைப் பால்பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். அது ஆயுளுக்கும் இருக்கவேண்டிய பல். அதன் மேற்பரப்பிலுள்ள பள்ளங்களில் சீலன்ட் என்ற மெல்லிய பூச்சு வைத்தால் சொத்தை விழும் வாய்ப்பு நன்றாகக் குறையும். ஊசி இல்லை, ராவுவதும் இல்லை. அம்மாவின் செட்டைக் காட்டப் போகும் நாளில் அவனையும் கூட்டிப் போய் அந்த நாலு பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். புதுக் கணக்கிலிருந்து எடுக்கும் முதல் பணம் அதற்காக இருக்கட்டும்.