'யூஸ்ட் டு'ன்னா என்ன அர்த்தம், எங்கிருந்து வந்துச்சு, எப்போ சொல்லணும்?

கேள்வி என்னன்னா, யூஸ்னா பயன்படுத்துறது தானே, அப்புறம் யூஸ்ட் டு மட்டும் எப்படி பழக்கத்தைக் குறிக்குது, அது எங்கிருந்து வந்துச்சு, எந்த இடத்துல சொல்லணும்.

முதல்ல அர்த்தத்தை சொல்லிடறேன். ஐ யூஸ்ட் டு ஸ்மோக்னா, முன்னாடி சிகரெட் பிடிக்கிற பழக்கம் இருந்துச்சு, இப்ப இல்ல. அந்த 'இப்ப இல்ல'ங்கிறதை வாயால சொல்லவே வேணாம், கேக்குறவங்க தானா அப்படித்தான் எடுத்துப்பாங்க. இன்னும் பிடிச்சிட்டுதான் இருக்கேன்னா அதை தனியா, அண்ட் ஐ ஸ்டில் டூன்னு சேர்த்து சொன்னாத்தான் புரியும்.

நம்ம ஊர்ல நிறைய பேர் இதை இப்ப நடக்குற பழக்கத்துக்கு சொல்றாங்க. தினமும் அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறவர் ஐ யூஸ்ட் டு வேக் அப் அட் ஃபைவ்னு சொல்றாரு. நமக்குள்ள பேசும்போது பிரச்சனை இல்ல, எல்லாருக்கும் புரிஞ்சிடுது. ஆனா ஒரு வெளிநாட்டு கிளையன்ட் கால்ல வீ யூஸ்ட் டு டேக் பேக்கப் எவ்ரி நைட்னு சொன்னா, அந்தப் பக்கம் இருக்கிறவர் "அப்போ எப்பலேர்ந்து நிறுத்தினீங்க?"ன்னு பதறுவாரு. வெளிநாட்டுல புள்ளைங்க வீட்டுக்குப் போன ஒரு அம்மா, அங்க இருக்கிற டாக்டர்கிட்ட ஐ யூஸ்ட் டு டேக் பிபி டேப்லெட்னு சொன்னா, அந்த டாக்டர் இவங்க மாத்திரையை விட்டுட்டாங்கன்னு முடிவு பண்ணி அதுக்கு ஏத்த மாதிரி எழுதிக் குடுக்க வாய்ப்பு இருக்கு. அதனாலதான் இதை சாதாரண கிராமர் தப்புன்னு ஒதுக்க எனக்கு மனசு வரல. இந்த இடத்துல சொல்ல வேண்டியது வெறும் ஐ டேக் தான், ரொம்ப ஆசைப்பட்டா யூஷுவலி சேத்துக்கலாம்.

ஏன் இப்படி வருதுன்னு பாத்தா காரணம் நம்ம தமிழ்லயே இருக்கு. 'நான் தினமும் வாக்கிங் போவேன்', இது இப்ப இருக்கிற பழக்கம். 'காலேஜ் படிக்கும்போது தினமும் வாக்கிங் போவேன்', இது முடிஞ்சு போன பழக்கம். ரெண்டுக்கும் அதே போவேன். 'நாளைக்கு போவேன்'ங்கிற எதிர்காலத்துக்கும் அதேதான். தமிழ்ல பழக்கத்தை சொல்றதுக்குன்னு இருக்கிற வடிவத்துக்கு காலம் அவ்வளவா முக்கியம் இல்ல, கூட வர்ற 'அப்பல்லாம்', 'சின்ன வயசுல' மாதிரி வார்த்தைங்கதான் காலத்தை காட்டும். இது புதுசா வந்த பேச்சுத்தமிழ் சோம்பேறித்தனமும் இல்ல, தொல்காப்பிய உரைகள்ல வர்ற 'மலை நிற்கும்'ங்கிற உதாரணம் இதே குடும்பம்தான், மலை நேத்தும் நின்னுச்சு இன்னைக்கும் நிக்குது நாளைக்கும் நிக்கும், மூணுக்கும் சேர்த்து ஒரே 'நிற்கும்'. இந்த மனசோட இங்கிலீஷுக்குள்ள போற ஆளு, பழக்கத்துக்குன்னு ஒரு வார்த்தை கிடைச்சதும் அதை எல்லா காலத்துக்கும் போடுறது இயல்புதான், ஆனா இங்கிலீஷ்காரன் அந்த வார்த்தையை இறந்த காலத்துக்கு மட்டும்னு பூட்டி வெச்சிருக்கான், சிக்கல் அங்கதான்.

எப்பவும் அப்படி பூட்டி இருந்ததும் இல்ல, எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயமே இதுதான். லத்தீன்ல ஊசுஸ்னு ஒரு சொல், அதுக்கு பயன்பாடுன்னும் அர்த்தம், பழக்க வழக்கம்னும் அர்த்தம். அதுலேர்ந்து அது பிரெஞ்சுக்குப் போச்சு, 1066ல நார்மன்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்சதுக்கு அப்புறம் பிரெஞ்சு வார்த்தைங்க கொத்துக்கொத்தா இங்கிலீஷுக்குள்ள வந்துச்சு, யூஸும் அந்த வழியா வந்ததுதான். யூஷுவல், யூசேஜ் எல்லாம் இதோட சொந்தக்காரங்க. பயன்பாடும் பழக்கமும் ஒரே வேர்ல இருக்கிறது நமக்கு புதுசு இல்ல, ஒரு சொல் நம்மகிட்ட 'வழங்குது', அதுவே 'பேச்சு வழக்கு' ஆகுது, அதே வேர்ல 'வழக்கம்' வருது. அதே மாதிரிதான் அங்கயும்.

அந்தக் காலத்துல யூஸ்னாலே வழக்கமா செய்யறதுன்னு அர்த்தம் இருந்துச்சு, நிகழ்காலத்துலயும் தாராளமா சொல்வாங்க. 1638ல அச்சான லிசிடஸ் கவிதையில இங்கிலீஷ் கவிஞர் மில்டன் 'ஆஸ் அதர்ஸ் யூஸ்'னு எழுதுறாரு, மத்தவங்க வழக்கமா செய்யற மாதிரின்னு அர்த்தம், நிகழ்காலம், டி கிடையாது. அதுக்கும் முன்னாடி 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல யாத்திராகமம் 21ம் அதிகாரம் எடுத்துப் பாருங்க, முட்டுற மாட்டைப் பத்தி சட்டம் வரும், மாடு முட்டுற மாடுன்னு ஓனருக்கு முன்னாடியே தெரிஞ்சும் கட்டி வெக்கலைன்னா பொறுப்பு அவருதுன்னு. அதுல 36ம் வசனத்துல 'ஹாத் யூஸ்ட் டு புஷ்'னு இருக்கு, முட்டுற வழக்கம் இருந்திருக்குன்னு அர்த்தம், ஹாத்னா இப்போதைய ஹேஸ். இப்ப யாரும் ஹேஸ் யூஸ்ட் டுன்னு இந்த அர்த்தத்துல சொல்ல மாட்டாங்க, அப்ப அது நல்ல இங்கிலீஷ்.

இன்னொன்னும் இருக்கு. அதே அதிகாரத்துல 29ம் வசனத்துல அதே மாட்டுக்கே 'வேர் வோன்ட் டு புஷ்'னு போட்டிருக்காங்க. வோன்ட்ங்கிறது பிரெஞ்சு வர்றதுக்கு முன்னாடியே இருந்த சொந்த இங்கிலீஷ் சொல், குடியிருக்கிறது, பழகிப் போறதுன்னு ரெண்டு அர்த்தமும் அதோட பழைய வினைக்கு இருந்துச்சு, ஜெர்மன்ல குடியிருக்கிறதுக்கு வோனன், பழகிப்போனதுக்கு கெவோன்ட்னு இன்னைக்கும் சொல்றாங்க. ஒரே மாடு, ஏழு வசனத்துக்குள்ள ரெண்டு சொல், ஒண்ணு மண்ணோடது, ஒண்ணு வந்தது. வந்தது நிலைச்சுது, மண்ணோடது இப்ப ஆஸ் இஸ் ஹிஸ் வோன்ட் (அவரோட வழக்கப்படி) மாதிரி ஒண்ணு ரெண்டு தொடர்ல மட்டும் உயிரோட இருக்கு.

சரி, நிகழ்காலம் ஏன் செத்துப் போச்சு? எனக்கு சரியா படுற காரணம் இது. ஐ கோன்னு சொன்னாலே வழக்கமா போறேன்னு தான் அர்த்தம், அதுக்கு தனியா ஒரு வினை தேவையே இல்ல. ஆனா ஐ வென்ட்னு சொன்னா ஒரு தடவை போனதா, தினமும் போனதான்னு தெரியாது, அங்க மட்டும்தான் யூஸ்ட் டுவுக்கு வேலை இருந்துச்சு, அதனால அந்த எடத்துல மட்டும் தங்கிடுச்சு.

உச்சரிப்பு பாத்துக்கோங்க. பழக்கத்துக்கு வர்றது யூஸ்ட், நடுவுல ஸ் சத்தம், டியும் டுவும் ஒட்டிக்கிட்டு யூஸ்டுன்னே கேக்கும். பயன்படுத்தினேன்னு சொல்லும்போது தேனீ ரீங்காரம் பண்ற மாதிரி ஒரு அதிர்வு அந்த நடு எழுத்துல வரும். திஸ் நைஃப் இஸ் யூஸ்ட் டு கட் மீட், எழுத்துல ஒரே மாதிரி இருக்கும், சத்தத்துல வேற.

மூணாவதா ஒண்ணு இருக்கு, இதுலதான் நிறைய பேர் வழுக்குறாங்க. ஐ ஆம் யூஸ்ட் டு ஸ்பைசி ஃபுட், எனக்கு காரம் பழகிடுச்சு. முன்னாடி ஆம், இஸ், ஆர், வாஸ், கெட் ஏதாவது வந்தா (மேல சொன்ன கத்தி மாதிரி 'பயன்படுது'ன்னு சொல்ற இடத்தைத் தவிர) இது 'பழகிடுச்சு', இதுக்கு காலக் கட்டுப்பாடே இல்ல, இப்பவும் சொல்லலாம் நாளைக்கும் சொல்லலாம். பின்னாடி வினை வந்தா இங் சேரணும்: ஐ ஆம் யூஸ்ட் டு டிரைவிங் அட் நைட். நைட் டிரைவிங் எனக்கு பழகினதுதான்னு அர்த்தம். ஐ யூஸ்ட் டு டிரைவ் அட் நைட்னா முன்னாடி ஓட்டுவேன், இப்ப ஓட்டுறதில்ல. ஒரு ஆம், ஒரு இங், கிட்டத்தட்ட எதிர் அர்த்தமே வந்துடும்.

நம்ம போவேனுக்கு இங்கிலீஷ்ல நெருங்கின சொந்தம் எதுன்னா அது வுட் தான். எவ்ரி சம்மர் வீ வுட் கோ டு அவர் கிராண்ட்மதர்ஸ் ஹவுஸ், ஒவ்வொரு லீவுக்கும் ஆச்சி வீட்டுக்கு போவோம். எதிர்காலத்துக்கு வர்ற வில்லோட இறந்தகால வடிவம் பழைய பழக்கத்தை சொல்லுது, நம்ம போவோம் மாதிரியே. ஆனா இது திரும்பத் திரும்ப செஞ்ச செயலுக்கு மட்டும்தான். 'அப்ப அங்க ஒரு புளியமரம் இருக்கும்'னு நாம சொல்லலாம், அங்க வுட் போட முடியாது, தேர் யூஸ்ட் டு பீ எ டேமரிண்ட் ட்ரீ தான். தங்கியிருந்தேன், பிடிக்கும், தெரியும் மாதிரி நிலையைச் சொல்ற எல்லாத்துக்கும் இதே கதை.

எத்தனை தடவை, எத்தனை வருஷம்னு கணக்கு சொல்லும்போது யூஸ்ட் டுவை விட்டுடுங்க. ஐ லிவ்ட் இன் புனே ஃபார் த்ரீ இயர்ஸ், அவ்வளவுதான்.

கேள்வியா கேட்டா டிட் யூ யூஸ் டு, இல்லைன்னு சொன்னா டிடின்ட் யூஸ் டு. டிட் வந்துட்டா டியை எடுத்துடணும்னுதான் பாடப் புத்தகங்கள்ல சொல்லித் தர்றாங்க, சத்தத்துல வித்தியாசமே தெரியாததால இங்கிலீஷ்காரங்களே டி போட்டு எழுதுறதை நிறைய பாக்கலாம், ஆனா பரீட்சை எழுதுறவங்க டி இல்லாமலே எழுதுங்க. பேச்சுல நெவர் யூஸ்ட் டு இன்னும் சுலபம், இந்த டி தகராறே வராது, ஷீ நெவர் யூஸ்ட் டு லைக் காபின்னா முன்னாடி அவளுக்கு காபி பிடிக்காது, இப்ப குடிக்கிறா.